ஹாலுக்கு ஒரு ரூட் கெனால்

"வாயை நல்லாத் திறங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பல்செட் தன் கை டிரில்லை விரிசலுக்குள் விட்டான்.

"யார்கிட்ட பேசறீங்க?" என்று சமையலறையிலிருந்து அவன் மனைவி கேட்டாள்.

"சும்மா. ஒரு இதுக்கு."

"இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் வாய்க்குள்ள கை விட்டிருக்கீங்களா நீங்க?"

இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வி சுருக்கென்றது. தெருவே அவனைப் பல்செட் என்று கூப்பிட்டாலும் அவன் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சுகளை வைத்துக்கொண்டு, ஜன்னல் இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்கிறவன். துளை போடுவதும் அடைப்பதும் அவர்கள் வேலை. பேர் வாங்குவதும் அவர்கள்தான். தன்னிடமும் ஒரு டிரில் இருக்கிறது, தனக்கும் ஒரு நாள் வரும் என்று அவன் காத்திருந்தான். வந்த நாள் இப்படிக் குப்புறப் படுக்கவைத்துத்தான் வந்தது.

அந்த ஹாலின் தரை பாலிஷ் போட்ட கான்கிரீட். கட்டின புதிதில் முகம் பார்க்கலாம். அப்புறம் அதில் ஒரு விரிசல் விழுந்தது. அப்பாவின் அறை வாசலில் ஆரம்பித்து, டிவி ஸ்டாண்டைத் தாண்டி, ஹாலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு எதிரே இருக்கும் பாத்ரூம் வாசலில் போய் நின்றது. ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்து, வெறுங்காலில் நடந்தால் விரலில் தட்டும். வீட்டில் எல்லோரும் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். போன வாரம் அக்கா வந்தாள், அவள் விரலில் தட்டியது. அதோடு நிம்மதி போயிற்று.

அக்கா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் அதிகாரி. ஒரு ஆள் சும்மா நின்றுகொண்டிருந்தால்கூட, இவர் எந்தப் பக்கம் விழுவார் என்றுதான் பார்ப்பாள்.

"இந்த வயசுல அப்பா ஒரு தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டார்டா" என்றாள், கால் விரலைப் பிடித்துக்கொண்டே. "உன்னால பார்த்துக்க முடியலேன்னா சொல்லு. நான் இடம் பார்த்து வச்சிருக்கேன்."

இடத்தைக் காட்டவும் கூட்டிப்போனாள். முதியோர் இல்லம். நல்ல இடம்தான். சுவரெல்லாம் கைப்பிடி, கட்டிலுக்குக் கம்பி, வரிசையாக நாற்காலிகள், எல்லா நாற்காலியும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. காலியாக இருந்த அறையின் கதவில் முன்னால் இருந்தவரின் பெயர்ப் பலகை இன்னும் தொங்கியது. பல்செட் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கழட்டிடுவாங்கடா" என்றாள் அக்கா.

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவை அந்த நாற்காலி வரிசையில் உட்காரவைத்துப் பார்க்க அவன் மனசு ஒப்பவில்லை. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய மனிதர். எங்கேயும் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தே பழகியவர். விரிசல்தானே பிரச்னை, அதை நாமே அடைத்துவிடுவோம் என்று முடிவு செய்தான். போனில் ஒரு வீடியோவும் பார்த்தான். அதில் ஒருவர் வெள்ளைச் சட்டை கசங்காமல் ஒரு மண்டபத்தையே சரிசெய்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு மட்டும் இதில் இஷ்டமில்லை.

"எதுக்குடா இதெல்லாம்? அது பாட்டுக்கு ஒரு ஓரமா கிடக்கு."

"நடு ஹால்ல கிடக்குப்பா."

"கிடக்கட்டுமே. வண்டியில கீறல் விழுந்தா மெமோ வரும். தரையில விழுந்தா யார் கேக்கப்போறா?"

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் சித்தப்பாவும் தலையாட்டினார். "பெரியவங்க சொன்னா கேளுப்பா. விரிசலை விட்டுடு." மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா பலமாக இருமினார். கண்டக்டர் மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இந்தக் கண்டக்டர் அப்பாவோடு அதே பஸ்ஸில் காலம் தள்ளியவர். ரிட்டயர் ஆன பிறகும் டூட்டி விடவில்லை. தினமும் வந்துவிடுவார். வந்து, பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படிப்பார். வரன் தேடும் விளம்பரத்தைக்கூட விடமாட்டார். மனசுக்குள் படிக்கிற வித்தை அவருக்குப் பிடிபடவே இல்லை என்பது மருமகளின் கட்சி. சாயங்காலம் இரண்டு பேரும் நடக்கப் போவார்கள். கண்டக்டர் அப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு, "படி வருது டிரைவரே, இன்னொரு படி, லெஃப்ட்ல பள்ளம், போலாம் ரைட்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார். தெருவே சிரிக்கும். கிழவர்களுக்கு இன்னும் டிப்போவை விட்டு வந்த நினைப்பில்லை என்று சொல்லிக்கொள்வார்கள்.

அப்பாவும் சளைத்தவர் இல்லை. வீட்டுக்குள்ளேயே இடது காலைத் தூக்காமல், தரையோடு இழுத்துக்கொண்டுதான் நடப்பார். கிளட்ச் மிதித்துத் தேய்ந்த கால் என்று வீட்டில் அதற்கு கிளட்ச் கால் என்றே பேர்.

ஆக, யார் பேச்சையும் கேட்காமல் பல்செட் துளைத்தான். சொத்தையை நல்ல பாகம் தட்டுப்படும் வரை சுரண்டவேண்டும் என்று டாக்டர்கள் பேசிக் கேட்டிருக்கிறான். கான்கிரீட்டில் நல்ல பாகம் எது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் எல்லாவற்றையுமே சுரண்டினான். மனைவி வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, கோடாக இருந்த விரிசல் பாதி ஹால் வரைக்கும் சின்ன வாய்க்காலாக ஆகியிருந்தது.

அவள் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறவள். பகலெல்லாம் முகம் தெரியாதவர்களிடம் தேனாகப் பேசுவாள். வீட்டுக்கு வரும்போது தேன் தீர்ந்துபோயிருக்கும்.

"விரிசலை அடைக்கப்போறேன்னுதானே சொன்னீங்க?"

"அடைக்கிறதுக்கு முன்னாடி அகலப்படுத்தணும்."

"நல்லா இருக்கு. என் தலைவலிக்கும் இதே வைத்தியம் பண்ணிடாதீங்க."

அடைப்பதற்கு அவன் தன் தொழிற்சாமானையே நம்பினான். பொய்ப்பல் செய்கிற பொடியையும் திரவத்தையும் குழைத்து ஊற்றினால் கல்லாக இறுகும். கடித்தாலும் உடையாது, தேய்த்தால் பளபளக்கும். ஒரே ஒரு சங்கடம். பல் நிறப் பொடி தீர்ந்திருந்தது. ஈறு நிறப் பொடிதான் டப்பா டப்பாவாக இருந்தது. நிறத்திலா நடக்கப்போகிறார்கள் என்று அதையே குழைத்து ஊற்றி, தாழ்ந்த பக்கத்தையும் தூக்கிச் சமன் செய்து, பல்லுக்குப் போடுகிற பாலிஷும் போட்டான். அப்பாவின் அறை வாசலிலிருந்து பாதி ஹால் வரை விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை. அதோடு பொடி தீர்ந்தது.

மனைவி வந்து பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள்.

"யாரோ பல்லைக் கழட்டி வச்சுட்டு சிரிக்கற மாதிரி இருக்கு" என்றாள் கடைசியில்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"பிரமாதம்டா. ஒட்டுப்போட்ட இடமே தெரியலை."

அப்பா அவனை என்றைக்குமே குறை சொன்னதில்லை. கண்டக்டர் பேப்பரை இறக்கி, ஹாலின் நடுவே ரோஜா நிறத்தில் ஓடுகிற பட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"ஆமா, தெரியலைதான்" என்று சொல்லிவிட்டு, வானிலை அறிக்கையை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை டிவி ஸ்டாண்டு சரிகிற சத்தத்தில் வீடு எழுந்துகொண்டது. அப்பா அதன் மேல் மோதிக்கொண்டு நின்றார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

"ரிமோட்டைத் தேடினேன்" என்றார்.

ரிமோட் அவர் கட்டிலில் இருந்தது. பல்செட் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான். புரிந்துவிட்டது. பாலிஷ் அதிகம். வழுக்கியிருக்கிறது.

அன்றைக்குப் பார்த்து அக்கா வீடியோ காலில் வந்தாள். முதலில் தெரிந்தது அப்பாவின் வீக்கம், அடுத்தது பின்னால் ஓடிய ரோஜா நிறப் பட்டை.

"அது என்னடா தரையில?"

"ரிப்பேர் நடக்குதுக்கா."

"சரி. முதல் சம்பவம்னு வச்சுக்கறேன். இன்னொரு சம்பவம் நடந்தா நானே கார் எடுத்துட்டு வந்துடுவேன்."

பல்செட் உளியை எடுத்து, ஊற்றியதையெல்லாம் பெயர்த்தான். ஈறு லேசில் வரவில்லை. வரும்போது கூடவே கான்கிரீட்டையும் பிய்த்துக்கொண்டு வந்தது. பெயர்த்த கையோடு பாத்ரூம் வாசல் வரை மீதி விரிசலையும் அகலப்படுத்திவிட்டான். இப்போது ஹாலில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பள்ளம். புது சாமான் வர நாளாகும் என்றார் கடைக்காரர். பள்ளம் திறந்தே கிடந்தது. மனைவி அதில் இரண்டு முறை கால் மடங்கி, வேலை செய்கிற இடத்தில் நொண்டினாள். பல்செட் ஒரு முறை தட்டோடு விழுந்தான்.

அப்பா மட்டும் ராஜா மாதிரி நடந்தார். கிளட்ச் காலை இழுத்துக்கொண்டு, யாரும் பிடிக்காமல், எதிலும் மோதாமல், பாத்ரூமுக்குப் போய்த் திரும்பி வந்தார். போகிற வழியில் சீட்டிகூட அடித்தார்.

"சமமா இருந்தா மோதிக்கறார், பள்ளமா இருந்தா நல்லா நடக்கறார்" என்றாள் மனைவி, காலில் தைலம் தேய்த்துக்கொண்டே. "உங்க குடும்பமே இப்படித்தான். நேரா ஒண்ணு நடந்தா ஒத்துக்காது."

"அனுபவம். எத்தனை மோசமான ரோட்டைப் பார்த்தவர்" என்றான் பல்செட் பெருமையாக.

சாமான் வந்தது. "ஊத்திட்டுப் போய்க்கிட்டே இருங்க, தானா சமமாயிடும்" என்றார் கடைக்காரர். ஊற்றிவிட்டு அவன் தூங்கப் போனான். அது சமமாகவில்லை. பொங்கி எழுந்து, பள்ளம் இருந்த இடமெல்லாம் மேடாகி, அப்படியே இறுகிவிட்டது. ஹாலுக்கு முதுகெலும்பு முளைத்துவிட்டது என்றாள் மனைவி. அப்பா அதையும் காலால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான்டா இருக்கு, இத்தோட விட்டுடு" என்றார். அதற்கப்புறமும் அவர் எங்கேயும் மோதவில்லை. ஆனால் எந்த நேரம் தடுக்கி விழுவாரோ என்று பல்செட் அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான். மேட்டைச் சீவித்தான் ஆகவேண்டும்.

வாடகைக்கு ஒரு உரசல் மெஷின் கொண்டுவந்தான். பாத்ரூம் வாசலில் ஆரம்பித்தான். பாதி ஹால் வரை மேடு ஒழுங்காகக் கரைந்தது. அவனுக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கையில் ஒரு கையை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்தான். மெஷின் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தது. சட்டென்று திரும்பி, அவனை இழுத்துக்கொண்டு, தரையைக் கீறிக்கொண்டு சமையலறையைப் பார்த்துப் போயிற்று. மனைவி பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. நடு ஹாலிலிருந்து சமையலறை வாசல் வரை புத்தம்புதுப் பள்ளம் ஒன்று வளைந்து கிடந்தது. வீடு முழுக்கத் தூசி. மனைவி தலை நரைத்துப்போய் நின்றாள்.

"உங்க புகாரைப் பதிவு செஞ்சுக்கிட்டோம்" என்றாள் ஆபீஸ் குரலில். அந்தக் குரலில் அவள் பேசினால் பல்செட்டுக்கு நடுங்கும்.

மறுநாள் விடிந்ததும் டீ போட சமையலறைக்குப் போன அவள், அங்கேயே நின்றுவிட்டாள். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த வெளிச்சத்தில் அப்பா நின்றுகொண்டு, பைஜாமா நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றாள் மெதுவாக. "இது ஃபிரிட்ஜு."

அவர் கை நின்றது. முகம் திரும்பவில்லை.

"தெரியும்மா" என்றார். "கொஞ்சம் காத்து வாங்கலாம்னு வந்தேன்."

நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். அவள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பாத்ரூம் வாசலில் விட்டாள். அந்தக் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. சிரிக்கவேண்டிய விஷயம்தான், ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்துபோய் நாத்தனாருக்கு போன் செய்து, பல்செட்டின் கையில் கொடுத்துவிட்டாள்.

"மறதி ஆரம்பிச்சிடுச்சு" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. "இன்னிக்கு ஃபிரிட்ஜு. நாளைக்கு கேஸ் அடுப்பு. எனக்கும் அவர் அப்பாதான்டா. ஞாயித்துக்கிழமை வரேன்."

"தரை சரியில்லக்கா. அதான் குழம்பறார். தரையை முழுசா சரிபண்ணிட்டேன்னா?"

"சரி, வந்து பார்க்கறேன். ரூம்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் யார் துணையும் இல்லாம நேரா போய்ட்டாருன்னா நான் பேசாம திரும்பிடறேன். இல்லேன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்."

பல்செட் லீவு போட்டான். இந்தத் தடவை கடைக்காரரையும் கேட்கவில்லை, வீடியோவும் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், பல் செய்கிற விதத்தில் செய்தான். மேடெல்லாம் கையாலேயே தேய்த்து இறக்கினான். பள்ளத்திலெல்லாம் மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. அப்புறம் ஹால் முழுக்க ஒன்றாக ஒரு பூச்சு. அது காயும் வரை அப்பாவைக் கண்டக்டர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். "வாசல்படி, டிரைவரே. காலைத் தூக்கி வை. ரைட்." அந்த ரைட்டில் பழைய சுரத்து இல்லை.

பாலிஷ் போடும்போது மனைவியும் வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். துணியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"நான் அக்காவுக்கு போன் பண்ணியிருக்கக் கூடாது."

"பயந்துட்டே. நானும்தான் பயந்தேன்."

"அவர் இல்லாம வீடு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன். நல்லாவே இல்ல."

இருவரும் சேர்ந்து தேய்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலைத் திறந்தபோது, ஹாலில் வெயில் விழுந்து கூரை வரைக்கும் திருப்பி அடித்தது. கோடு இல்லை, மேடு இல்லை, ஒட்டு இல்லை. சுவருக்குச் சுவர் ஒரே தகடாகத் தரை. பல்செட் ஒரு கோலிக்குண்டை நடு ஹாலில் வைத்துப் பார்த்தான். அது எந்தப் பக்கமும் உருளவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கே ஒரு டாக்டர் பட்டம் கொடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது அவனுக்கு.

கண்டக்டர் அப்பாவைக் கூட்டிவந்து, தோளைப் பிடித்து நேராக அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தார். பின்னாலேயே அக்காவின் கார் வந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஹாலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். குனிந்தாள். கையால் தடவினாள். குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள், ஒன்றும் கிடைக்காமல் நிமிர்ந்தாள்.

"நீயாடா பண்ணினே?"

"நாங்க ரெண்டு பேரும்."

"நல்லா வந்திருக்குடா" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. கூட்டிப்போக வந்தவளுக்கும் கூட்டிப்போக இஷ்டமில்லை என்று அப்போதுதான் பல்செட்டுக்குத் தெரிந்தது. "அப்பா, வாங்க. பாத்ரூம் வரைக்கும் நடந்து காட்டுங்க. அது போதும் எனக்கு."

அப்பா அறை வாசலுக்கு வந்து நின்றார். துவைத்த சட்டை, வாரிய தலை, துடைத்த கண்ணாடி. இடது காலை முன்னால் வைத்தார். அப்புறம் அந்தக் காலை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். வலப்பக்கம் நகர்த்தினார். மறுபடி இடப்பக்கம். நிலைப்படியைப் பிடித்த கையை விடவில்லை.

புதுத் தரையை மிதித்து அழுக்காக்கத் தயங்குகிறார் என்று பல்செட் நினைத்தான். அப்படிப்பட்டவர்தான் அவர்.

"தைரியமா வாங்கப்பா" என்றான். "இனிமே காலுக்குத் தட்டுற மாதிரி ஒண்ணுமே இல்ல."

"ஆமாண்டா" என்றார் அப்பா. கால் இன்னும் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமே இல்ல."

மருமகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா வாசலிலேயே நின்றார். பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "என் பையை எடுத்து வைங்க, நான் பொண்ணு கூடவே போயிடறேன்" என்றார் பொதுவாக, யார் பக்கமும் பார்க்காமல்.

"ஏம்பா?" பல்செட்டின் குரல் உடைந்துவிட்டது. "இவ்வளவு செஞ்சேனே, இன்னும் என்னப்பா குறை இந்தத் தரையில?"

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். அப்பா இருமினார். இந்தத் தடவை கண்டக்டர் அந்த இருமலைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"நீ பூசி மூடினியே அந்த விரிசல், கண்ணு போனதுலேருந்து உங்கப்பன் அதைத்தான்பா காலால தடவித் தடவி நடந்துட்டு இருந்தான்."